சொல்லே இல்லாத படப்புத்தகம்: குழந்தையும் காட்டு விலங்கும் வரும் கதையை முதல் கோட்டிலிருந்து அச்சுவரை கொண்டுபோவது எப்படி?

ஒரு வரிகூட எழுத வேண்டாம், படம் மட்டும் போதும் என்பதால் இது சுலபமான வேலை என்று நினைத்துத்தான் பலர் இதில் இறங்குகிறார்கள். பாதி தூரம் வந்த பிறகுதான் சிக்கல் தெரியும். எழுத்துள்ள புத்தகத்தில் படம் தடுமாறினால் ஒரு வாக்கியம் வந்து தாங்கிப் பிடிக்கும். இங்கே தாங்க ஆளில்லை. போதாக்குறைக்கு, கதையில் ஒரு பாத்திரம் பேசாத விலங்கு. அதனால் வரிசை முக்கியம். கீழே உள்ள படிகளை மாற்றிச் செய்தால், முக்கியமாக 5-ஆம் படிக்கு முன்பே வண்ணம் தீட்ட உட்கார்ந்தால், செய்த வேலையில் பெரும்பகுதியைத் தூக்கிப்போட நேரும்.

நீங்களே வரைபவராக இருந்தாலும், கதை மட்டும் உங்களுடையதாகவும் ஓவியர் வேறொருவராகவும் இருந்தாலும் இது பொருந்தும். இரண்டாவது வகை என்றால் 7-ஆம் படியை முதலில் படித்துவிடுங்கள்.

1. அன்பை ஒரு செயலாக மாற்றுங்கள்

'ஒரு சிறுமிக்கும் ஓநாய்க் குட்டிக்கும் இடையே மலரும் அன்பு' என்பதை யாராலும் வரைய முடியாது. கயிற்றை அவிழ்ப்பது, காத்திருப்பது, வழிவிட்டு ஒதுங்குவது, விளக்கை அணைப்பது, நாயைப் பிடித்துக்கொள்வது, எடுத்ததை எடுத்த இடத்திலேயே வைப்பது, இவற்றையெல்லாம் வரையலாம். உங்கள் கதையின் மையத்தில் இப்படி ஒரே ஒரு செயல் இருக்கட்டும். இரண்டு இருந்தால் 32 பக்கம் போதாது.

அந்தச் செயல் குழந்தைக்கு ஏதாவது ஒரு விதத்தில் சிரமமாகவும் இருக்க வேண்டும். சால்வையைக் கொடுத்தால் குளிரும், நின்று காத்தால் இருட்டிவிடும், சத்தம் போடாமல் இருந்தால் விளையாட்டு கெடும். சிரமம் படத்தில் தெரிந்தால் கனிவு தானாகத் தெரியும். கன்னத்தோடு கன்னம் வைத்துக் கண்ணை மூடிக்கொள்ளும் படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் கதையை நகர்த்தாது.

கதையைப் பத்து சிறு வாக்கியங்களில் எழுதிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியும் வினைகளுக்கு மட்டுமே அனுமதி. 'நினைத்தாள்', 'வருந்தினாள்', 'நேற்று', 'ஒருவேளை', 'அண்ணன்', 'எப்போதும்' போன்றவை வந்தால் அடிக்கோடிடுங்கள். அடிக்கோடிட்ட ஒவ்வொன்றுக்கும் படத்தில் ஒரு வழி கண்டுபிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் கதையிலிருந்து எடுத்துவிட வேண்டும். உறவுமுறைதான் அதிகமாகக் காலை வாரும். கூட வரும் பெரிய பையன் அண்ணனா, பக்கத்து வீட்டுப் பையனா என்பது கதைக்குத் தேவை என்றால், இருவரும் ஒரே வீட்டுக் கதவிலிருந்து வெளியே வரும் படம் ஒன்று வேண்டும். தேவையில்லை என்றால் அந்தப் பையனே வேண்டாம்.

2. விலங்கைப் படியுங்கள்

இந்தப் படியைத் தாண்டிவிட்டு வரைந்த புத்தகங்கள் ஏராளம். எழுத்து இல்லாததால் குழந்தைகள் படத்தை நீண்ட நேரம் பார்ப்பார்கள். விலங்குப் பைத்தியமான ஆறு வயதுப் பிள்ளை உங்கள் பிழையை முதல் வாசிப்பிலேயே பிடித்துவிடும்.

முதலில் உடல். இன்ன இனம் என்று முடிவு செய்யாமல் பொதுவாக 'யானை', 'மான்', 'சிறுத்தை' என்று வரையாதீர்கள். ஆசிய யானையில் பெண்ணுக்கு வெளியே தெரியும்படி தந்தம் பொதுவாக இராது, ஆப்பிரிக்க யானையில் பெரும்பாலும் இருபாலுக்கும் உண்டு. யானைக்கன்று பால் குடிப்பது வாயால், தும்பிக்கையால் அல்ல. சிறுத்தைக்கு உடலில் பூப்போன்ற வளையங்கள், ஜாகுவாருக்கு அந்த வளையத்துக்குள் புள்ளியும் இருக்கும், சீட்டாவுக்கு முழுப்புள்ளிகளும் கண்ணிலிருந்து வாய்வரை இறங்கும் கறுப்புக் கோடும். மான் இனங்களில் ஆண்டுதோறும் உதிர்ந்து முளைக்கும் கொம்பு ஆணுக்குத்தான், பெண்ணுக்கும் இருப்பது பனிமானில் மட்டும். ஓநாய்க் குட்டிக்குப் பிறந்த சில வாரங்கள் கண் நீலமாக இருந்து பிறகு மஞ்சளாகும். கண்மணியும் இனத்துக்கு இனம் வேறு: புலிக்கு வட்டம், நரிக்குச் செங்குத்துப் பிளவு, மானுக்குக் கிடைமட்டம்.

அடுத்து உடல்மொழி. உங்கள் விலங்குப் பாத்திரத்தின் வசனம் முழுக்க இதில்தான் இருக்கிறது. மனிதப் புருவத்தையும் புன்னகையையும் விலங்கின் முகத்தில் ஒட்டவைப்பது குறுக்குவழி, அது கதையையும் மலிவாக்கிவிடும். காது எந்தப் பக்கம், வால் எந்த உயரத்தில், உடல் எடை முன்காலிலா பின்காலிலா, தலை தாழ்ந்திருக்கிறதா என்ற நான்கை மட்டும் மாற்றியே அச்சம், ஆர்வம், எச்சரிக்கை, அமைதி எல்லாவற்றையும் காட்டிவிடலாம். யானை காதை அகல விரித்துத் தலையை உயர்த்தி நின்றால் வரவேற்பதாக அர்த்தமில்லை. குரங்கு பல்லைக் காட்டினால் அது அச்சமாகவோ பணிவாகவோ மிரட்டலாகவோ இருக்கும், சிரிப்பாக இராது. ஆந்தையால் கண்ணை உருட்டிப் பக்கவாட்டில் பார்க்க முடியாது, தலையைத்தான் திருப்பும்.

கால்தடத்துக்குத் தனியாக ஒரு மாலை ஒதுக்குங்கள். சொல்லில்லாக் கதையில் கால்தடத்துக்கு நிகரான கருவி கிடையாது. யார் வந்தார், எந்தப் பக்கம் போனார், நடந்தாரா ஓடினாரா, இருவரும் எவ்வளவு நெருங்கினார்கள் என்று அத்தனையும் அதுவே சொல்லிவிடும். நாய், ஓநாய், நரித் தடங்களில் நகக்குறி பதியும். புலி, சிறுத்தைத் தடங்களில் பதியாது, நடக்கும்போது அவை நகத்தை உள்ளிழுத்துக்கொள்ளும்.

மூன்றாவது, ஆபத்து. புத்தகத்தில் பார்ப்பதைப் பிள்ளைகள் செய்து பார்ப்பார்கள். எழுத்துள்ள புத்தகத்தில் 'கிட்டே போகாதே' என்று ஒரு வரி போட்டுவிடலாம், இங்கே அதற்கு வழியில்லை. எனவே கதையில் வரும் செயலே பாதுகாப்பானதாக இருக்க வேண்டும். குட்டியைத் தூக்குவது, வீட்டுக்குக் கொண்டுபோவது, கையால் ஊட்டுவது, கட்டிப்பிடிப்பது ஆகிய நான்கையும் தவிருங்கள். புல்லில் தனியே சுருண்டு கிடக்கும் மான்குட்டி பெரும்பாலும் அநாதை அல்ல. தாய் மேயப்போகும்போது அதை மறைவில் விட்டுவிட்டுப் பல மணி நேரம் கழித்துத் திரும்பும். தரையில் தத்தும் இறகு முளைத்த குஞ்சும் அப்படித்தான், பெற்ற பறவைகள் பக்கத்திலேயே இருந்து இரை ஊட்டிக்கொண்டிருக்கும். காட்டு விலங்குக்குப் பால் கிண்ணம் வைக்கும் படமும் வேண்டாம். முள்ளெலி போன்றவற்றுக்கு மாட்டுப்பால் செரிக்காது.

இந்தக் கட்டுப்பாடு கதையைச் சுருக்கிவிடும் என்று பயப்படாதீர்கள். தூரத்தைக் காத்தபடி கனிவைக் காட்டுவது எப்படி என்று யோசிக்கத் தொடங்கினால், எல்லோரும் வரைந்துவிட்ட கட்டிப்பிடிப் படத்திலிருந்து தப்பிவிடுவீர்கள்.

3. பக்கக் கணக்கைப் போடுங்கள்

வழக்கமான அளவு 32 பக்கம், அதாவது 16 பக்க ஃபாரம் (ஒரே பெரிய தாளில் அச்சாகி மடியும் தொகுதி) இரண்டு. அத்தனையும் கதைக்குக் கிடைக்காது.

கெட்டி அட்டையையும் உள்பக்கங்களையும் இணைக்க முன்னும் பின்னும் ஒட்டும் தாள் தனியாக வந்தால்: பக்கம் 1 முன்தலைப்பு (புத்தகப் பெயர் மட்டும்), 2-3 பதிப்புரிமை விவரமும் தலைப்பும், 4-5 முதல் 30-31 வரை கதை, 32 ஒற்றைப் பக்கம். விரித்தால் தெரியும் இரண்டு பக்கத்தையும் சேர்த்து ஒரு இரட்டைப் பக்கம் என்று எண்ணினால், 14 இரட்டைப் பக்கமும் கடைசியில் ஒரு ஒற்றைப் படமும் கிடைக்கும்.

ஒட்டும் தாளும் அந்த 32-க்குள்ளேயே என்றால்: 1-உம் 32-உம் கெட்டி அட்டையோடு ஒட்டிப் போய்விடும், 2-3-உம் 30-31-உம் அட்டையின் உட்புறத்தில் தெரியும் ஒட்டுத்தாளாகிவிடும், 4-5 தலைப்பும் விவரமும். கதைக்கு மிஞ்சுவது 12.

இதைப் பதிப்பகத்திடமோ அச்சகத்திடமோ கேட்காமல் 15 படம் வரைந்துவிட்டு நிற்பவர்கள் நிறையப் பேர். வெறும் சென்டர் பின் அடிக்கும் மெல்லிய புத்தகம் என்றால் பக்க எண்ணிக்கை நான்கின் மடங்காக இருந்தால் போதும்.

தலைப்புப் பக்கத்தையும் ஒட்டுத்தாளையும் வீணாக விடாதீர்கள். வீடு எங்கே, காடு எங்கே, நடுவில் ஆறு எங்கே என்ற நிலவரைபடத்தை முன் ஒட்டுத்தாளில் வைத்துவிட்டால் கதைக்குள் ஒரு முழுப்படம் மிச்சமாகும்.

4. தம்ப்நெயில் (கட்டைவிரல் அளவுக் குறும்படம்): எல்லாமே ஒரே தாளில்

A3 தாள் ஒன்றில் 14 பெட்டிகள் போடுங்கள். ஒவ்வொன்றும் 5 செ.மீ. அகலம் இருந்தால் போதும், பெரிதானால் கை தன்னையறியாமல் விவரம் வரையத் தொடங்கிவிடும். குச்சி மனிதர்கள் போதும். எல்லாப் பெட்டியும் ஒரே பார்வையில் தெரிவதுதான் இங்கே நோக்கம். மூன்று பெட்டிகள் தொடர்ந்து ஒரே தூரத்தில், ஒரே கோணத்தில் இருந்தால் உடனே கண்ணில் படும்.

பெட்டிக்குக் கீழே ஒரு கேள்வி எழுதுங்கள்: போன பெட்டியிலிருந்து இங்கே எது மாறியது? பதில் சொல்ல முடியாத பெட்டியை அடித்துவிடுங்கள். இரண்டு பதில் வந்தால் பெட்டியை உடைத்து அதே பக்கத்தில் இரண்டு மூன்று கட்டங்களாக்குங்கள்.

ஒரு எடுத்துக்காட்டை அருகிலிருந்து பார்ப்போம். கதை: நாயோடு ஓடி விளையாடும் சிறுமி, புல்லுக்குள் மான்குட்டியைப் பார்க்கிறாள், தாய் திரும்பி வரட்டும் என்று நாயைக் கூட்டிக்கொண்டு விலகிப்போகிறாள்.

முதல் வடிவம் இப்படி வரும். பெட்டி 5: புல்லுக்குள் ஒரு கண். பெட்டி 6: சிறுமியின் திறந்த வாய், விரிந்த கண். பெட்டி 7: நாயை இழுத்துக்கொண்டு நம் பக்கம் முதுகைக் காட்டி ஓடுகிறாள். இதைக் காட்டினால் பிள்ளைகள் 'பயந்து ஓடிட்டா' என்றுதான் சொல்வார்கள். தவறு அவர்கள்மீது இல்லை. திறந்த வாயும் ஓட்டமும் சேர்ந்தால் அச்சம்தான்.

திருத்திய வடிவம்: பெட்டி 6-ஐ மூன்று கட்டமாக்குங்கள். முதல் கட்டத்தில் அவள் பார்வை குட்டியிடமிருந்து நகர்ந்து காட்டோரத்துக்குப் போகிறது. இரண்டாவதில் காட்டோர மரத்துக்குப் பின்னே இரண்டு காதுகள். மூன்றாவதில் அவள் கை நாயின் கழுத்துப்பட்டையை இறுக்கிப் பிடிக்கிறது, நாயின் வாய் மூடிவிட்டது. பெட்டி 7-இல் அவள் ஓடவில்லை. முகம் குட்டியை நோக்கி இருக்க, கால் பின்னோக்கி எடுத்து வைக்கிறாள். சேற்றில் தடங்கள் எதிர்த்திசையில். இப்போது யாரும் அதை ஓட்டம் என்று படிக்க மாட்டார்கள். எங்கே பார்க்கிறாள், எது கண்டாள், கை என்ன செய்தது என்ற வரிசை, மனதுக்குள் ஓடியதை வெளியே கொண்டுவந்துவிட்டது.

பக்கத்தைப் புரட்டும் இடம் உங்கள் கையிலிருக்கும் ஒரே நிறுத்தற்குறி. வலப்பக்கத்தின் கடைசியில் ஏதாவது பாதியில் நிற்கட்டும்: சட்டகத்துக்கு வெளியே போகும் ஒரு வால், எதையோ பார்க்கும் முகம். புரட்டியதும் இடப்பக்கத்தில் பதில். பெரிய திருப்பத்தை வலப்பக்கத்தில் வைத்தால் இடப்பக்கத்தைப் பார்ப்பதற்கு முன்பே கண் அங்கே தாவிவிடும்.

நேரம் கடப்பதைக் காட்ட நிழல், வெளிச்சத்தின் நிறம், நிலா மூன்றும் போதும். நிலாவில் கவனம் தேவை. முழுநிலா சூரியன் மறையும்போது எழும். மாலையில் தெரியும் மெல்லிய பிறை சூரியனைத் தொடர்ந்து சீக்கிரம் மறைந்துவிடும், நள்ளிரவில் உச்சியில் நிற்காது. ஒரே இரவில் நடக்கும் கதையில் பிறை பாதிநிலாவாக வளர்ந்திருக்கும் புத்தகங்களும் வந்திருக்கின்றன.

5. டம்மி செய்து, வாயை மூடிக்கொண்டு காட்டுங்கள்

தம்ப்நெயிலைப் பென்சில் படங்களாக்கி, உண்மையான அளவிலோ பாதி அளவிலோ அச்செடுத்து, மடித்து, தைத்து, புரட்டக்கூடிய டம்மி ஒன்று செய்யுங்கள். திரையில் புரட்டிப் பார்ப்பது இதற்கு ஈடாகாது. நடுமடிப்பு எதை விழுங்குகிறது என்பது கையில் பிடித்தால்தான் தெரியும்.

ஐந்தாறு பிள்ளைகளிடம் காட்டினாலே பெரும்பாலான ஓட்டைகள் தெரிந்துவிடும். நான்கு வயது முதல் ஒன்பது வயதுவரை கலந்து எடுங்கள். சில விதிகள் உண்டு. ஒரு நேரத்தில் ஒரு பிள்ளைதான், இரண்டு பேர் இருந்தால் ஒருவர் சொன்னதை மற்றவர் திருப்பிச் சொல்வார். கதையை முன்கூட்டிச் சொல்லக் கூடாது. தலைப்பையும் மறைத்துவிடுங்கள். 'இங்கே என்ன நடக்குது?' என்பதற்கு மேல் கேட்காதீர்கள். 'அவ ஏன் சோகமா இருக்கா?' என்று கேட்டால் பதிலை நீங்களே ஊட்டிவிட்டீர்கள்.

சொல்வதை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். எந்தப் பக்கத்தில் பின்னோக்கிப் புரட்டினார்கள் என்பதையும் குறியுங்கள். பின்னோக்கிப் புரட்டுவது இரண்டு வகை. குழம்பிப் புரட்டினால் அந்தப் பக்கத்தில் சிக்கல். 'அட, அப்பவே இருந்துச்சே!' என்று தேடிப் புரட்டினால் அது உங்கள் வெற்றி, அதைத் தொடாதீர்கள். ஒருவர் தவறாகப் படித்தால் விடலாம். மூன்று பேர் ஒரே இடத்தில் ஒரே மாதிரி தவறாகப் படித்தால் படத்தை மாற்றத்தான் வேண்டும்.

ஒலியோ படமோ பதிவு செய்வதானால் பெற்றோரின் எழுத்துப்பூர்வ ஒப்புதலை முன்பே வாங்குங்கள். திருத்திய டம்மியைப் புதிய பிள்ளைகளிடம் காட்ட வேண்டும், பழையவர்களுக்குக் கதை தெரியும்.

பெரியவர் ஒருவரிடமும் காட்டுங்கள். இந்தப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு 'இதை எப்படிப் படிச்சுக் காட்டுறது?' என்று திணறப்போவது அவர்தான். கடைசிப் பக்கத்தில் பெரியவருக்கான குறிப்பு சேர்க்கலாமா என்ற விவாதம் எப்போதும் வரும். என்னைக் கேட்டால், கதையை விளக்கும் குறிப்பு வேண்டவே வேண்டாம். விலங்கைப் பற்றிய நாலு வரி உண்மைத் தகவல் இருக்கலாம். குட்டியைத் தனியே கண்டால் தொடாதே என்பதை அங்கே சொல்லிவிடலாம்.

6. இறுதிப் படம்

தொடங்கும் முன் குழந்தையையும் விலங்கையும் முன்னால், பக்கவாட்டில், பின்னால் என்று வரைந்து, இருவரின் உயர விகிதத்தையும் ஒரு தாளில் நிறுத்திவிடுங்கள். பெயர் சொல்ல வழியில்லாததால் குழந்தையை எந்தத் தூரத்திலும் அடையாளம் காட்ட ஒரு பொருள் தேவை: ஒரு தொப்பி, ஒரு நிறச் சட்டை. அந்த நிறம் படத்தில் வேறெங்கும் வரக் கூடாது.

அளவுகள்: பக்கம் 250 × 250 மி.மீ. என்றால் இரட்டைப் பக்கம் 500 × 250. நான்கு ஓரமும் ப்ளீட், அதாவது வெட்டில் போகும் கூடுதல் படம், 3 மி.மீ. சேர்த்தால் 506 × 256. இதை 300 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) எடுத்தால் ஏறத்தாழ 5,976 × 3,024 பிக்சல். சிறிதாக வரைந்து பெரிதாக்காதீர்கள். காகிதத்தில் வரைபவர்கள் அச்சளவிலோ அதைவிடச் சற்றுப் பெரிதாகவோ வரைவது நல்லது.

நடுமடிப்பிலிருந்து இருபுறமும் 10 முதல் 15 மி.மீ. தூரத்துக்குள் கண், கை, மூக்கு எதுவும் வேண்டாம். குழந்தையும் விலங்கும் முதன்முதலாக எதிரெதிரே பார்க்கும் படத்தைச் சரியாக நடுவில் வைப்பதுதான் இந்த வகைப் புத்தகத்தின் நிரந்தரப் பிழை. இருவரையும் மடிப்பின் இரு பக்கமாக நிறுத்துங்கள். மடிப்பே அவர்களுக்கிடையிலான தூரமாகட்டும்.

இரவுக் காட்சி உண்டென்றால் அச்சகத்திடம் மொத்த மை அளவு, அதாவது ஓரிடத்தில் விழும் நான்கு மைகளின் சதவீதக் கூட்டல், எவ்வளவு என்று கேளுங்கள். பூச்சுள்ள தாளுக்கு 300 சதவீதம் என்பது பரவலான வரம்பு, பூச்சில்லாத் தாளுக்கு அதைவிடக் குறைவு. திரையில் பிரமாதமாகத் தெரியும் கருநீலக் காடு பூச்சில்லாத் தாளில் ஒரே கறுப்பாக இறங்கி, உள்ளே நிற்கும் விலங்கு காணாமல் போகும். நடுத்தர நிழல்களை வேண்டுமென்றே வெளுப்பாக்குங்கள். திரையின் நிறமுறையான ஆர்ஜிபி-யில் வரைந்தால் அச்சின் நான்கு மை முறையான சிஎம்ஒய்கே-க்கு மாற்றிப் பார்த்த பிறகே நிறத்தை முடிவு செய்யுங்கள். பளிச்சென்ற பச்சையும் ஊதாவும்தான் அதிகம் மங்கும்.

படத்துக்குள் எழுத்து வேண்டாம். கடைப் பலகை, நாளிதழ், பள்ளிப்பையில் பெயர், நாள்காட்டி எல்லாம் எழுத்துதான். ஒரு மொழி நுழைந்துவிட்டால் வேறு நாட்டுப் பதிப்புக்கு அந்தப் படத்தைத் திருத்த வேண்டும். வலமிருந்து இடமாகப் படிக்கும் மொழியில் வெளியிட்டால் படங்களைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்புவார்கள், அப்போது சுவர்க்கடிகாரமும் இடவலம் மாறிவிடும். அட்டையில் தலைப்பைப் படத்தோடு சேர்த்துத் தீட்டாமல் தனி அடுக்கில், கறுப்பு மை மட்டும் கொண்டு வையுங்கள். அப்படி இருந்தால் வேறு மொழிப் பதிப்புக்கு ஒரே ஒரு பிளேட்டை (அச்சுத் தகட்டை) மாற்றினால் போதும்.

7. ஆவணங்கள்

பதிப்பகத்துக்கு அனுப்ப வேண்டியவை: ஒரு பக்கக் கடிதம், ஐந்தாறு வரிக் கதைச் சுருக்கம், இரட்டைப் பக்கம் வாரியாக என்ன நடக்கிறது என்ற பட்டியல், முழு டம்மியின் பிடிஎஃப், முழுமையாகத் தீட்டிய இரண்டு மூன்று இரட்டைப் பக்கங்கள். சுருக்கத்தில் முடிவை மறைக்காதீர்கள், படிப்பவர் வாசகர் அல்ல, தொகுப்பாசிரியர். பிடிஎஃப்பை ஒற்றைப் பக்கங்களாக அனுப்பினால் புரட்டும் வரிசை தெரியாது, இரட்டைப் பக்கமாகவே சேமியுங்கள். மூல ஓவியத்தை ஒருபோதும் அனுப்ப வேண்டாம்.

கதை ஒருவர், ஓவியம் ஒருவர் என்றால் வேலை தொடங்கும் முன்பே ஓர் ஒப்பந்தம் எழுதுங்கள். படப்புத்தகங்களில் ராயல்டியைப் பாதிக்குப் பாதி பிரிப்பது பரவலான வழக்கம். ஆனால் அச்சில் ஒரு சொல்கூட இல்லாத புத்தகத்தில் ஓவியர் அதிகம் கேட்பது நியாயமான பேச்சுதான். கதாசிரியரின் பெயர் அட்டையில் வருமா, எந்த வரிசையில், மறுபதிப்பு, வெளிநாட்டு உரிமை, அசைவூட்டப் படம், பொம்மை உரிமை, ஒருவர் நடுவில் விலகினால் படங்கள் யாருடையவை என்பதெல்லாம் எழுத்தில் இருக்கட்டும். எழுத்தே இல்லாத பதிப்பில் 'இது என் கதை' என்று காட்டக் கதாசிரியரிடம் இருப்பது அந்தப் பக்கப் பட்டியல் மட்டும்தான். அதைத் தேதியிட்டு இருவரும் கையெழுத்திட்டு வையுங்கள்.

பதிப்பக ஒப்பந்தத்தில் உலக உரிமையைக் கவனமாகப் பாருங்கள். மொழிபெயர்ப்புச் செலவு இல்லாததால் இந்த வகைப் புத்தகம் எளிதாக நாடு தாண்டும். அந்த உரிமையில் உங்கள் பங்கு எவ்வளவு, எத்தனை ஆண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால் உரிமை திரும்பும் என்ற இரண்டையும் கேளுங்கள். வெளியிட உங்களிடமே பணம் கேட்டால் அது பதிப்பகம் அல்ல, அச்சுச் சேவை. அப்படித் தெரிந்தே எடுப்பதில் தவறில்லை.

இணையத்தில் கிடைத்த விலங்குப் புகைப்படத்தை அப்படியே பார்த்து வரைந்தால் புகைப்படக்காரரின் உரிமையில் கைவைக்கிறீர்கள். பல படங்களைப் பார்த்து உடலமைப்பைக் கற்று, தோரணையை நீங்களே அமையுங்கள். உண்மையான குழந்தை ஒன்றை மாதிரியாக வைத்தால் பெற்றோரின் ஒப்புதல் கடிதம் கோப்பில் இருக்கட்டும். பென்சில் வரைவுகளையும் அடுக்குகளோடு கூடிய மூலக் கோப்புகளையும் அழிக்காதீர்கள். படம் செயற்கை நுண்ணறிவு உருவாக்கியதல்ல என்ற உறுதிமொழியைக் கேட்பவர்களிடம் சான்றாக அவற்றையே காட்ட வேண்டும்.

8. செலவு

பதிப்பகம் எடுத்துக்கொண்டால் உங்கள் செலவு நேரமும் டம்மியும்தான். சொந்தமாக அச்சிட்டால் இத்தனை தலைப்பில் பணம் வேண்டும்: ஓவியம், வடிவமைப்பு, ஸ்கேன், நிறத் திருத்தம், ப்ரூஃப் (மாதிரி அச்சு), அச்சு, பைண்டிங், போக்குவரத்து, கிடங்கு, இலவசப் பிரதிகள், விற்பனைக் கழிவு. கடைசி நான்கைக் கணக்கில் எடுக்காமல் விலை வைப்பதுதான் வழக்கமான பொறி. கடைக்கும் விநியோகஸ்தருக்குமாக அட்டை விலையில் 40 முதல் 55 சதவீதம்வரை போகக்கூடும். எனவே ஒரு பிரதியின் அச்சுச் செலவைப் போல நான்கைந்து மடங்கு விலை வைத்தால்தான் தாக்குப்பிடிக்கும். சந்தை அந்த விலையை ஏற்காது என்று தோன்றினால் அளவையோ அட்டையையோ குறையுங்கள், தாளைக் குறைக்காதீர்கள். தாளின் கனம் 130 ஜிஎஸ்எம்-க்குக் (சதுர மீட்டருக்கு 130 கிராம்) கீழே போனால் பின்பக்கப் படம் தெரியத் தொடங்கும். 150 வசதியானது.

ஆஃப்செட் அச்சில் பிளேட் செலவும் மெஷினைத் தயார்படுத்தும் செலவும் முதலிலேயே வந்துவிடும், பிரதி கூடக்கூட விலை இறங்கும். சில நூறு பிரதிக்குக் கீழே டிஜிட்டல்தான் கட்டும். இரண்டிலும் நிறம் ஒரே மாதிரி வராது. டிஜிட்டலில் பார்த்துத் திருப்திப்பட்டு ஆஃப்செட்டுக்கு ஒப்புதல் கொடுத்துவிடாதீர்கள். எந்தத் தாளில் அச்சாகப்போகிறதோ அதே தாளில் ஒரு ப்ரூஃப் வாங்கி, பகல் வெளிச்சத்தில் பாருங்கள். இரவுக் காட்சி ஒன்றும் குழந்தையின் முகம் பெரிதாக வரும் பக்கம் ஒன்றும் அந்த ப்ரூஃபில் கட்டாயம் இருக்க வேண்டும்.

புத்தகத்தின் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன் சில நாடுகளில் இலவசம், சில நாடுகளில் விலைக்கு. கெட்டி அட்டை, மெல்லிய அட்டை, மின்னூல் ஒவ்வொன்றுக்கும் தனி எண் வேண்டும்.

9. காலம்

முழுநேரம் உட்கார முடியாதவர்கள் கதைக்கும் விலங்கைப் படிப்பதற்கும் ஒரு மாதம், தம்ப்நெயிலுக்கு ஒரு மாதம், டம்மி, சோதனை, திருத்தம் எல்லாவற்றுக்கும் இரண்டு மாதம் ஒதுக்கலாம். இறுதிப் படம் ஒவ்வொன்றுக்கும் ஒரு வாரம் என்றால் 14 படத்துக்கு மூன்றரை மாதம். அட்டை, தலைப்புப் பக்கம், ஒட்டுத்தாள் மூன்றையும் எல்லோரும் மறந்துவிடுவார்கள், அதற்கு இன்னும் மூன்று வாரம். பதிப்பகத்தின் பதிலுக்கு மாதக்கணக்கில் ஆகலாம். ஒப்பந்தத்திலிருந்து புத்தகம் கடைக்கு வர ஒன்றரை இரண்டு ஆண்டு ஆவது இயல்பு. பள்ளி திறப்பு, புத்தகக் கண்காட்சி என்று ஏதாவது ஒரு நாளுக்குக் குறிவைத்தால் அச்சுக்கும் பைண்டிங்குக்கும் குறைந்தது ஆறு வாரத்தைப் பின்னோக்கிக் கழித்துக்கொள்ளுங்கள். கெட்டி அட்டை ஒட்டி உலர வேண்டும், அவசரப்படுத்தினால் அட்டை வளைந்துவிடும்.

10. பட்டியலிடுவதும் போட்டிகளும்

விற்பனைத் தளத்திலும் நூலகப் பதிவிலும் மொழி என்ற கட்டம் வரும். நூலகக் குறியீட்டில் மொழியே இல்லாதவற்றுக்கென்று 'இசட்எக்ஸ்எக்ஸ்' என்ற குறி உண்டு, அதைக் கேட்டுப் போடச் சொல்லுங்கள். விற்பனைத் தளத்தில் அந்த வசதி இல்லையென்றால் தலைப்பின் மொழியைப் போட்டுவிட்டு, விவரத்தின் முதல் வரியிலேயே எழுத்தில்லாத புத்தகம் என்று எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் 'உள்ளே எழுத்தே இல்லை, அச்சுப் பிழை' என்று புத்தகத்தைத் திருப்பி அனுப்புவார்கள்.

உலகச் சிறார் நூல் அமைப்பான ஐபிபிஒய் 2012-இல் இத்தாலியின் லம்படூசா தீவில் தொடங்கிய திட்டம் ஒன்று சொல்லில்லாப் படப்புத்தகங்களைத் திரட்டிவருகிறது. அதற்கு அமைப்பின் நாட்டுக் கிளைகள் பரிந்துரைக்கும், எனவே உங்கள் நாட்டில் கிளை இருக்கிறதா என்று பாருங்கள். இத்தாலியில் நடக்கும் சைலன்ட் புக் கான்டெஸ்ட், இன்னும் வெளிவராத சொல்லில்லாப் புத்தகங்களுக்கானது. இப்படிப்பட்ட போட்டிக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால் எல்லாப் பக்கத்தையும் சமூக ஊடகத்தில் போட்டுவிடாதீர்கள். வெளியானது என்று கணக்கில் எடுத்துத் தள்ளிவிட வாய்ப்பு உண்டு. இரண்டு மூன்று படம் மட்டும் காட்டுங்கள், கதையின் முடிவு அதில் இருக்க வேண்டாம். நுழைவுக் கட்டணம், பிரதி எண்ணிக்கை, தபாலில் வந்து சேர வேண்டிய நாள் மூன்றும் விதிமுறையில் இருக்கும். கடைசி நாள் என்பது அனுப்பும் நாளா, அங்கே கிடைக்கும் நாளா என்பதையும் அங்கேயே பார்த்துக்கொள்ளுங்கள்.